வாங்காத சாமான் டின்

14

பஹ்மா பிளவுஸுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போய் இரண்டு நாளாகிறது. அந்த இரண்டு நாளும் ஜீவராணிக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

போன கிழமை நாம் விட்டு வந்த இடத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிடலாம். வெள்ளவத்தையில் மரியகொறற்றியின் தையல்கடையில் ஜீவராணி அளவுநாடாவோடு நிற்க, கல்யாணப் பெண் பஹ்மா கையை நீட்டிக்கொண்டு, "கை கொஞ்சம் கட்டையா வைங்க அன்ட்டி. உம்மாட நாலு காப்பும் போடணும். பேங்க் லொக்கர்ல ஈக்குதாம். வியாழக்கிழமை எடுத்துத் தாறாவாம்" என்றாளே, அந்த இடம்.

அந்த நாலு காப்பும் எந்த லொக்கரிலும் இல்லை. மூன்று வருசமாக ஜீவராணியின் பெயரில் அடகில் இருக்கின்றன.

ஜீவராணியின் கணவன் யோகராஜின் ஓட்டோ பேலியகொடையில் குடைசாய்ந்து, அவன் கால் உடைந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்த காலம் அது. லீசிங் கம்பெனிக்காரர்கள் ஓட்டோவைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்ற நிலையில், பஹ்மாவின் உம்மா நளீபா கொட்டாஞ்சேனை வீட்டுக்கு பஸ் ஏறி வந்தாள். பத்து வருசம் கார்மென்டில் பக்கத்து மெஷினில் இருந்தவள். "சல்லியாத் தர என்னட்ட இல்ல. இத வெச்சு எடு" என்று காப்புகளைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஒரு துண்டுக் கடதாசியும் கேட்கவில்லை. ஜீவராணிதான் மனம் கேளாமல் அடகுச் சீட்டின் ஃபோட்டோக் கொப்பி ஒன்றை அவள் கையில் திணித்தாள்.

நளீபாவின் கணவர் சஜீத்துக்கு இது தெரியாது. தெரியவும் கூடாது. பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடையொன்றில் வேலை பார்க்கும் மனிதர். கொண்டக்டர் மிச்சக் காசு தராவிட்டால் அடுத்த பஸ் ஹோல்ட் வரைக்கும் போய் அந்த மூன்று ரூபாவை வாங்கிக்கொண்டு நடந்து திரும்பி வருவார் என்று நளீபாவே சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவரிடம் போய், கல்யாணக் காப்பைச் சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? லொக்கர் என்று ஒரு பொய் பிறந்தது. இப்போது வெள்ளிக்கிழமை நிக்காஹ். இன்றைக்குப் புதன். காப்பு வராவிட்டால் நளீபா சம்பந்தி வீட்டார் முன்னால் வாய்திறக்க முடியாமல் நிற்பாள்.

இவ்வளவுக்கும் அவள் ஜீவராணிக்கு ஒரு ஃபோன் கோல் எடுக்கவில்லை. அதுதான் ஜீவராணியைக் கொன்றது.

புதன்கிழமை காலை ஆறரைக்கு அவள் அலுமாரிக்கு மேலிருந்து டின்னை இறக்கினாள்.

அந்த டின்னைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பழைய பால்மா டின்தான். அதற்குள் போவது ஜீவராணி வாங்காத சாமான்களின் விலை. கடைவாசலில் நின்று ஒரு பொருளைப் பார்த்து, கை நீண்டு, பிறகு கையை இழுத்துக்கொண்டால், அன்றைக்கே அதன் விலை டின்னுக்குள் போய்விட வேண்டும். கூடவே ஒரு துண்டுச் சீட்டும். 'ரோல்ஸ் இரண்டு, 240.' 'குடை, 1,450.' 'மழையிலும் ஓட்டோ பிடிக்கவில்லை, 300.' வாங்காமல் விட்டேன் என்று வாயால் சொன்னால் மட்டும் மிச்சம் வராது, அந்தக் காசு வேறெங்காவது ஒழுகிவிடும் என்பது அவள் கண்ட உண்மை. சீட்டு எழுதி உள்ளே போட்டால்தான் அது நின்றது.

வீட்டில் இதற்குக் கேலி இல்லாமல் இல்லை. "அம்மா, நேத்து காலி வீதியில ஒரு கறுப்புக் கார் பார்த்தோமே, அதையும் நாம வாங்கலதானே? ஒரு கோடி ரூபா போடுங்க" என்பாள் மகள் ரதி. பதினேழு வயது. வாய் இருபத்தேழு.

ஆனால் அந்தக் கேலிக்குரிய டின்தான் மளிகைக்கடைக் கொப்பியை அடைத்தது. குழுக் கடனை முடித்தது. மிஞ்சி இருந்தது இந்த ஒரு கடன். மாதா மாதம் கட்டிவந்த சீட்டுக் காசு ஒரு இலட்சம் போன மாதம் ஜீவராணிக்கு விழுந்தது. அதை அப்படியே சேலைக்குள் சுற்றி வைத்திருந்தாள். டின்னில் தொண்ணூற்றாறாயிரம் இருக்க வேண்டும். ரதி ஃபோனில் வட்டி போட்டுப் பார்த்ததில் அடகை மீட்க ஒரு இலட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம் என்று வந்தது. கூட்டிப் பாருங்கள், அச்சொட்டாக இருக்கும்.

ஜீவராணி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு ரதியிடம் கொடுத்தாள்.

"ஐம்பத்தாறாயிரம்மா" என்றாள் ரதி. அவள் குரலில் கேலி இல்லை.

நாற்பதாயிரம் ரூபா இல்லை. வீட்டுக்குள் திருடன் வந்திருந்தால் ஐம்பத்தாறை விட்டுவிட்டா போவான்? இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பெயரை முதலில் யார் சொல்வது என்று இருவருக்கும் தயக்கம்.

"அப்பா விட்டுட்டாரும்மா. ரேஸ் போறதில்லன்னு சத்தியம் பண்ணினாரே" என்றாள் ரதி.

"பண்ணினாரு" என்றாள் ஜீவராணி.

யோகராஜ் ஐந்து மணிக்கே ஓட்டோவை எடுத்துக்கொண்டு போயிருந்தான். கோல் எடுத்தாள். "ஹயர்ல இருக்கேன் ஜீவா, பெறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டான். அந்த அவசரமே அவளுக்குப் போதுமான பதிலாக இருந்தது. குதிரை ஓடுவது எங்கோ சீமையில். பந்தயம் கட்டும் புக்கிக் கடை டீவியில் இங்கே இவர்கள் சம்பளம் ஓடும். முந்தி ஒரு காலத்தில் ரதியின் ஸ்கூல் சப்பாத்துக் காசு அப்படித்தான் ஓடிப்போனது.

அவள் அழவில்லை. சீட்டுக் காசையும் டின் காசையும் அடகுச் சீட்டையும் அடையாள அட்டையையும் கைப்பையில் போட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். டின் மேசையிலேயே திறந்து கிடந்தது.

மரியகொறற்றி கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஜீவராணியைக் கண்டதும் தூக்கியது பாதியில் நின்றது.

"ஏனப்பா, முகம் இப்பிடிக் கிடக்கு?"

"அக்கா, ஒரு இருபதாயிரம் அட்வான்ஸ் வேணும். சம்பளத்துல மாசா மாசம் பிடிச்சிக்கங்க."

மரியகொறற்றி மேலும் கீழும் பார்த்தாள். ஐந்து வருசத்தில் ஜீவராணி அட்வான்ஸ் கேட்டது இதுதான் முதல் தடவை. "என்னத்துக்கெண்டு நான் கேக்கமாட்டன். நீயாச் சொன்னாக் கேப்பன்" என்றவள், மேசை லாச்சியைத் திறந்து எண்ணிக் கொடுத்தாள். "பத்து மணிக்கு முதல் வந்திடு. அந்த டொக்டர் மனுசி பிளவுஸுக்கு வந்து நிப்பா" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "வராட்டியும் பரவாயில்ல. நான் சமாளிப்பன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

இருபது சேர்த்தும் இருபது குறைகிறது. அவள் என்ன கணக்குப் போட்டாள் என்றால், நாலில் மூன்று காப்பையாவது தரச்சொல்லிக் கேட்பது. கெஞ்சிக் கேட்பது. தரமாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும் போனாள்.

பேங்க், தையல்கடை இருக்கும் அதே காலி வீதியில், நாலு கடை தள்ளி. கொட்டாஞ்சேனையில் அடகு வைத்தால் தெரிந்த முகம் எதிர்ப்படும் என்று இங்கே வைத்தது. அதே வெட்கத்தில் இந்தப் படியை வருசத்துக்கு ஒரு முறைகூட மிதிக்கப் பயந்தாள். ஆடிக்கு ஆடி வட்டி கட்ட வேண்டும். முதல் ஆடியில் வந்து கட்டினாள். இரண்டாம் ஆடியில், அதாவது போன வருசம், ரதிக்கு டெங்கு வந்து கையிலிருந்த எல்லாம் போனது. வட்டி கட்டவில்லை. ஏலம் போடப்போகிறோம் என்று கடிதம் வரும் வரும் என்று தபால்காரனின் சைக்கிள் சத்தத்துக்கெல்லாம் நடுங்கினாள். கடிதம் வரவே இல்லை. பேங்க் மறந்துவிட்டது என்றும், மறக்கடித்தது கொச்சிக்கடை அந்தோனியார் என்றும் நம்பி, செவ்வாய்க்குச் செவ்வாய் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வந்தாள். நெற்றியில் விபூதியோடு போய்த்தான். அந்தோனியார் அதையெல்லாம் பார்க்கிறவர் இல்லை.

அடகுக் கவுண்டரில் ஒரு சிங்களப் பெண் பிள்ளை. ஜீவராணி சீட்டை நீட்டி, சிங்களத்திலேயே மெல்லத் தொடங்கினாள். "மிஸ், சல்லி கொஞ்சம் குறையுது. மூணு காப்ப மட்டும்..."

"இருங்க அக்கே, முதல்ல எவ்வளவுன்னு பார்ப்போம்" என்று அந்தப் பிள்ளை தன் ஓட்டைத் தமிழில் சொல்லிவிட்டு, கம்பியூட்டரைத் தட்டியது. தட்டிவிட்டு ஒரு கடதாசியில் எழுதி, கண்ணாடிக்குக் கீழால் தள்ளியது.

ஒரு இலட்சத்து இருபத்தையாயிரத்துத் தொள்ளாயிரம்.

ஜீவராணி கடதாசியைப் பார்த்தாள். "இது என்னோடது இல்ல மிஸ். வேற ஆளோட கணக்கு."

"ஒங்கடதான். நாலு காப்பு. ஜீவராணி யோகராஜ்." அந்தப் பிள்ளை திரையைப் பார்த்து வாசித்தது. "இடைக்கிடை கட்டியிருக்கீங்கதானே. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, மாசம் பத்தாயிரம். அதுக்கு முன்ன போன வருசம் ஆடியில இருபத்தெட்டாயிரத்து ஐநூறு. கட்டக் கட்ட வட்டியும் குறையும். ஏன் அக்கே அழுறீங்க? குறைஞ்சா சிரிக்கத்தானே வேணும்?"

மாதக் கணக்கைத் தமிழ் மாதத்தில் சொல்லும் சிங்களப் பிள்ளையை ஜீவராணி அன்றுதான் முதன்முதலில் கண்டாள். ஆனால் அதை ரசிக்கிற நிலையில் அவள் இல்லை. "கட்டினது யாரு மிஸ்?" என்று கேட்டாள்.

"பத்தாயிரம் நாலும் யோகராஜ்னு கையெழுத்து. ஆடி மாசத்துக்குப் பேர் இல்ல. ஒரு ஃபோன் நம்பர் மட்டும் இருக்கு." சற்று யோசித்துவிட்டு, அந்த நம்பரையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தது. "நான் தந்தேன்னு சொல்லவேணாம்."

ஜீவராணி காசை எண்ணிக் கட்டினாள். முத்திரை வைத்த பொட்டலத்தைப் பிரித்து, நாலு காப்பையும் தராசில் வைத்து நிறுத்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போடும்போது பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போய் மறுபடி எழுதினாள்.

வெளியே வந்தபோது யோகராஜ் படியடியில் நின்றான். காக்கிச் சட்டை வியர்த்து முதுகில் ஒட்டியிருந்தது.

"ரதி கோல் எடுத்தா" என்றான்.

"எங்க வண்டி?"

"கடல் பக்கத்து ஒழுங்கையில. காலி வீதியில நிப்பாட்ட விடுவானா?"

ஒழுங்கையின் கடைசியில், ரயில்பாதைக்கு இந்தப் பக்கம் ஓட்டோ நின்றது. ஜீவராணி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவன் முன் சீட்டில் ஏறாமல் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சவாரிக்கு ஹயர் பேசும்போது எவ்வளவு வாயாடியோ, வீட்டு விஷயத்தில் அவ்வளவு ஊமை.

"மாசி மாசம்" என்று தொடங்கினான். "ஹயரே இல்ல. டின்னுல இருந்து பத்தாயிரம் எடுத்தேன். குதிரைக்குத்தான். பொய் சொல்லல்ல."

ஜீவராணி கைப்பையை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"புக்கிக்குப் போற வழியில ஒரு நோனா ஏறினாங்க, களுபோவில ஆஸ்பத்திரிக்கு. பேங்க்ல வேலை போல. போன்ல யாரோடயோ தமிழ்ல கதைச்சிக்கிட்டே வந்தாங்க. அடகு சல்லிய மொத்தமாத்தான் கட்டணும்னு இல்ல, கையில உள்ளத அப்பப்ப கட்டினா அந்தளவுக்கு வட்டி குறையும், இது தெரியாம சனங்க டின்னுல போட்டுப் பூட்டி வச்சிக்கிட்டு இங்க வட்டி கட்டுதுங்கன்னு. டின்னுன்னே சொன்னாங்க ஜீவா. எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிடிச்சு. நம்ம வீட்டுக்குள்ள வந்து பார்த்த மாதிரி."

"அதுக்கு?"

"அவங்கள எறக்கிட்டு நேரா இங்க வந்து கட்டிட்டேன். பெறகு மாசா மாசம். இந்த மாசமும் கட்டியிருப்பேன், வண்டியில கேபிள் அறுந்து செலவு வந்திட்டு."

"ஏன் என்கிட்ட சொல்லல்ல?"

யோகராஜ் தரையைப் பார்த்தான். "ரெண்டாம் பாதியச் சொன்னா முதல் பாதியையும் சொல்லணுமே."

ஒரு ரயில் போனது. ஜீவராணிக்கு முதலில் வந்தது கோபந்தான். காலையிலிருந்து அவள் செத்துச் செத்துப் பிழைத்ததற்கு யார் பதில் சொல்வது? ஆனால் அந்தக் கோபம் நெஞ்சுக்குள் வந்த வேகத்தில் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. மூன்று வருசமாகக் காசைப் பூட்டி வைத்து வட்டியை வளர்த்தவள் அவள்தான். மொத்தமாகத்தான் கட்ட வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. பேங்க் படியேற வெட்கம். அந்த வெட்கத்துக்கு எத்தனை ரோல்ஸ், எத்தனை குடை போயிருக்கும்.

அவன் ஃபோனை எடுத்து நீட்டினான். "ரதி அனுப்பினா. நீ போன பெறகு டின்னைக் கவுத்துப் பார்த்திருக்கா. நான் வச்சது அடியில கெடந்திச்சாம். நீ பார்க்கலையா?"

படத்தில் நாலு துண்டுச் சீட்டு. யோகராஜின் கோணல் எழுத்து. நாலிலும் ஒன்றேதான்: 'வாங்காத குதிரை, 10,000.'

ஜீவராணி சிரித்துவிட்டாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. "மனுசா, ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்று அவன் தோளில் ஒன்று வைத்தாள். பிறகு அதே தோளில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். இவ்வளவு காலமும் கட்டிய கடனில் இவன் பங்கும் இருந்திருக்கிறது. அது அவளுக்குக் காப்பு கிடைத்ததைவிடப் பெரிதாக இருந்தது.

"அப்ப போன வருசம் ஆடியில கட்டினது?" என்று கேட்டாள் கடைசியில்.

"நானா? போன வருசம் ஆடியில என்கிட்ட இருபத்தெட்டு ரூபா இருந்திருந்தாலே பெரிய காரியம்."

அவள் நம்பர் எழுதிய துண்டைக் கொடுத்தாள். யோகராஜ் அழுத்தினான். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. "பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எடுத்துக்கிட்டே இருங்க" என்றாள். அந்தோனியார் ஃபோன் வைத்திருக்க மாட்டார் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

மரியகொறற்றியிடம் இருபதாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அவள் எண்ணிக்கூடப் பார்க்காமல் லாச்சியில் போட்டாள். "இப்பவாவது சொல்லுவியோ?" என்றாள். "நாளைக்குச் சொல்றேன் அக்கா. முழுசாச் சொல்றேன்" என்றாள் ஜீவராணி. "டொக்டர் மனுசியின்ர பிளவுஸ நானே கொடுத்திட்டன், போ" என்று விரட்டினாள் மரியகொறற்றி.

மிஞ்சியது முப்பதாயிரத்து நூறு. அதில் இருபத்தெட்டாயிரத்து ஐநூறைத் தனியாக எடுத்து, கடையின் கடதாசிப் பையில் போட்டு மடித்தாள். அது நம்முடையது இல்லை. யாருடையது என்று தெரியும் நாளில் கொடுக்க வேண்டும்.

மாளிகாவத்தை ஃபிளட்ஸ் மாடியில் நளீபா வீட்டுக்குப் போய்ச் சேர ளுஹர் தொழுகை நேரமாகிவிட்டது. யோகராஜ் கீழே வண்டியோடு நின்றுகொண்டான். ஜீவராணி மூன்று மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறினாள்.

நளீபாதான் கதவைத் திறந்தாள். "வா புள்ள, வா. வெயில்ல என்னத்துக்கு இப்பிடி ஓடி வந்த?" என்று உள்ளே இழுத்தாள். வீடெல்லாம் பெட்டியும் பையுமாகக் கிடந்தது. பஹ்மா மருதாணிக்காரியைப் பார்க்கப் போயிருந்தாள்.

ஜீவராணி கைப்பையைத் திறந்து, நாலு காப்பையும் நளீபாவின் மடியில் வைத்தாள்.

நளீபா காப்புகளைத் தொடவில்லை. எழுந்து போய், குசினி அலுமாரிக்குள் அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்து வந்து பிரித்தாள். அதற்குள்ளும் நாலு காப்பு. பளபளவென்று, அதே வேலைப்பாடு.

"பெட்டாவில வாங்கின. ஆயிரத்தி இருநூறு ரூபா. இமிட்டேஷன்" என்றாள். "வெள்ளிக்கிழமை இதைத்தான் புள்ளைக்குப் போட இருந்த."

"நளீபா! யாராவது கண்டுபிடிச்சிருந்தா?"

"கண்டுபிடிச்சா கண்டுபிடிச்சிட்டுப் போறாங்க. ஒன்னட்ட வந்து கேக்கிறதவிட இது லேசி புள்ள."

அதற்கு மேல் ஜீவராணியால் தாங்க முடியவில்லை. நளீபாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஒனக்கு நான் என்ன செய்வேன், என்ன செய்வேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "பிளவுஸ் கைய ஒழுங்கா வெட்டு, அது போதும்" என்று நளீபா அவளைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்ட கையாலேயே தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு அசல் காப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கையில் போட்டுப் பார்த்தாள். மூன்று வருசத்தில் கை கொஞ்சம் பருத்திருந்தது. நாலாவது ஏற மறுத்தது. இருவரும் சவர்க்காரம் தேடினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, தொப்பியும் கையுமாக சஜீத் வந்து நின்றார். நளீபா இமிட்டேஷன் பையை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டாள். ஜீவராணி எழுந்து நின்றாள்.

"வாங்க தங்கச்சி" என்றார் சஜீத். அவர் கண் மனைவியின் கைக்குப் போனது. "காப்பு வந்திட்டாக்கும்?"

"ஓ, இண்டைக்கே போய் லொக்கரால எடுத்துட்டு வந்திட்டேன்" என்றாள் நளீபா, முகம் மாறாமல்.

சஜீத் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே போய் விசிறி சுவிட்சை நிறுத்தினார். "ரெண்டு பேருக்கு என்னத்துக்கு ஃபேன்" என்றார். அப்போது அவர் சட்டைப் பையில் ஃபோன் மணி அடித்தது.

எடுத்துத் திரையைக் கையைத் தூர நீட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஜீவராணிக்குத் தெரிந்தது. பதினைந்து வருசமாக அவள் மனப்பாடமாக வைத்திருக்கும் நம்பர். யோகராஜ் கீழே நின்று பத்து நிமிசத்துக்கு ஒரு முறை அழுத்திக்கொண்டிருக்கிறான்.

"ஹலோ?" என்றார் சஜீத். கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. ஒரு முறை ஜீவராணியைப் பார்த்தார். "இல்ல தம்பி, ராங் நம்பர். நான் எந்த பேங்குக்கும் போகல்ல" என்று வைத்துவிட்டார். வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டு முகம் கழுவப் போனார்.

மூன்று ரூபா மிச்சத்துக்காக ஒரு ஹோல்ட் தூரம் நடக்கும் மனிதர். அப்படி நடந்து நடந்து சேர்த்ததில் இருபத்தெட்டாயிரத்து ஐநூறைக் கொண்டுபோய் இவர்கள் கடனுக்குக் கட்டியிருக்கிறார். அலுமாரியில் நளீபா ஒளித்து வைத்த ஃபோட்டோக் கொப்பி என்றைக்கோ அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மனைவியிடம் ஒரு சொல் கேட்கவில்லை. ஒரு வருசமாக அந்த லொக்கர் கதையை வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜீவராணி பையிலிருந்த கடதாசிப் பொதியைத் தொட்டுப் பார்த்தாள். எடுத்துக் கொடுத்தால் நளீபாவின் பொய் அவள் முகத்துக்கு நேரே உடையும். கொடுக்காமல் போனால் அந்தக் காசு இவள் கையைச் சுடும்.

வழியனுப்ப வந்த நளீபா படியடியில் நின்று, காதருகில் குனிந்தாள். "அவருக்குத் தெரிய வராம அல்லாஹ் காப்பாத்தினான் புள்ள."

"ஆமா நளீபா" என்றாள் ஜீவராணி. "காப்பாத்தினான்."

கீழே யோகராஜ் ஃபோனைப் பார்த்தபடி நின்றான். "எடுத்தாங்க ஜீவா. ராங் நம்பராம். ஆனா அந்தக் குரல எங்கயோ கேட்டிருக்கேன்."

"வண்டிய எடுங்க, சொல்றேன்" என்று ஏறி உட்கார்ந்தாள். ஆனால் கொச்சிக்கடை கோயிலடி வரும்வரை அவள் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து, மடியில் வைத்து, குலுங்குகிற ஓட்டோவில் கோணல் கோணலாக எழுதினாள்.

'கேட்காமல் கிடைத்தது, 28,500. கொடுக்க வேண்டும்.'

யாருக்கு என்று எழுதவில்லை. எழுதினால் ரதி வாசித்துவிடுவாள். அதைக் கடதாசிப் பொதிக்குள் போட்டு மடித்தவள், கொடுக்கவே இல்லை என்று சாதிக்கிற மனிதரிடம் ஒரு கடனை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே, கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். இத்தனை செவ்வாயும் கொளுத்திய மெழுகுதிரியில் பாதி மாளிகாவத்தைக்குப் போய்ச் சேர வேண்டியது. அந்தோனியார் அதை இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டேதான் வாங்கியிருப்பார்.